பெயர் எழுதக் கூடாத தாள்

1

தேர்தல் முடிந்துவிட்டது. ஆனாலும் எங்கள் சிறு நகரத்தின் மின்கம்பங்களில் இன்னும் சில முகங்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. டென்மார்க்கின் மழைக்கு ஒருவருடைய கழுத்துப்பட்டி சாயம் போய்விட்டது. ஒரு பெண்மணியின் அட்டை காற்றில் திரும்பி, பாதசாரிகளைப் பார்க்காமல் தேவாலயத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

நான் முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். கொழும்பிலிருந்து திரும்பி வேலைக்குப் போன முதல் நாள், படுக்கை விரிப்பின் ஒரு முனையை நானும் மறுமுனையை பிர்த்தாவும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். பிர்த்தா பல வருடங்களாக என்னோடு வேலை செய்யும் டேனிஷ் பெண். நான் அதிகம் பேசாதவள் என்பதால் என் பங்கையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

"அங்கேயிருந்து வாக்குப் போட முடிந்ததா?" என்று கேட்டார்.

"போட்டேன். இரண்டு தரம்."

விரிப்பு அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. இங்கே யாரும் இரண்டு தரம் வாக்குப் போடுவதில்லை. சலவை இயந்திரத்துக்கு மேலால் அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ களவு செய்துவிட்டு வந்து நிற்பது போல எனக்கே இருந்தது. என்னிடம் இருக்கிற டேனிஷ் மொழியில் விளக்கி முடிப்பதற்குள் கோப்பி இடைவேளை முடிந்துவிட்டது. பிர்த்தாவுக்குப் பாதிதான் விளங்கியது. கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு அப்படி இராது. எனவே உங்களுக்கே எழுதுகிறேன்.

2

முதலில், அது என்ன தேர்தல் என்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பதினைந்து நாடுகள் சேர்ந்து ஒரு பொதுப் பாராளுமன்றம் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகத் தேர்தல் நடத்தி, அந்தப் பாராளுமன்றத்துக்கு ஆட்களைத் தெரிவுசெய்து அனுப்புவார்கள். இங்கே பலருக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. பிர்த்தாவின் கணவர் அன்றைக்கு மீன் பிடிக்கப் போய்விட்டாராம்.

எனக்கு அப்படி விட முடியவில்லை. இங்கே நகரசபைத் தேர்தலில் எங்களைப் போன்ற வெளிநாட்டவர்களுக்கும் வாக்கு உண்டு. ஆனால் பாராளுமன்றம் என்றால் இந்த நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டும். போன வருடம்தான் எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது.

அதற்கான மொழிச் சோதனையை இங்கே பொலிஸ் நிலையத்தில் வைக்கிறார்கள். பொலிஸ் நிலையம் என்றதும் எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. இருந்த பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு பொலிஸ்காரர் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு ஏதோ கேட்டார். நான் முழுப்பெயர், வீட்டு இலக்கம், தெரு, பிறந்த இடம், தகப்பனார் பெயர், எந்தத் திகதியில் நாட்டுக்குள் வந்தேன் என்பதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நல்லது. நான் கேட்டது, இந்த நகரம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று" என்றார்.

என் மகள் சுபாவுக்கு இந்தக் கதையைச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள். பொலிஸ்காரரிடம் நின்று வழி கேட்பாள். தகப்பனைப் போல யாழ்ப்பாணத் தமிழ் பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் டேனிஷ்தான். இப்போதெல்லாம் கோபம் இல்லாத நேரத்திலும் டேனிஷ்தான் வருகிறது. நான் தமிழில் கேட்க, அவள் அதில் பதில் சொல்ல, எங்கள் வீட்டில் இரண்டு வானொலிகள் ஒன்றாகப் போவது போல இருக்கும்.

மே மாதம் அப்பாவின் கண் சத்திரசிகிச்சைக்காகச் சுபாவையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போக வேண்டி வந்தது. தேர்தல் முடிந்த பிறகுதான் திரும்ப முடியும். முதல் வாக்கே போய்விட்டதே என்று நான் கவலைப்பட்டபோது, "வாக்கு ஏன் போக வேண்டும்? எங்கள் தூதரக அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே போய்க் கடித வாக்குப் போடலாம்" என்று சொன்னவர் பிர்த்தாதான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் கணவர் விசாரித்துப் பார்த்துவிட்டு, "ஓம், உண்மைதான். உம்மட வோட்டுக் கொழும்பில இருந்து பிளேனில வரப்போகுது. எனக்குக்கூட அந்த மரியாதை இல்லை" என்றார்.

3

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்காது.

அப்பா அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். இளவயதிலேயே கொழும்புக்கு வந்து புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி வேலை செய்தார். நாங்கள் பிறந்து வளர்ந்தது ஜிந்துப்பிட்டியில், முருகன் கோயில் மணி கேட்கும் தூரத்தில் ஒரு சந்து. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தோட்டத்து ஆட்கள் பலரைப் போல அப்பாவுக்கும் எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இருக்கவில்லை. இலங்கையும் இந்தியாவும் பேசி எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்த காலத்தில் அப்பா இரண்டு பங்கிலும் வரவில்லை. இரண்டு நாட்டு அரசாங்கக் கந்தோர்களுக்கும் நடந்ததுதான் மிச்சம்.

வாக்கில்லாவிட்டாலும் தேர்தல் என்றால் அப்பாவுக்கு உயிர். கொடி கட்டுவார், பசை காய்ச்சுவார், கூட்டத்தில் ஆட்கள் உட்கார வாங்கு தூக்குவார். வாக்குப் போடும் நாளில் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சந்து முனையில் நிற்பார். பள்ளிக்கூடத்தில் வாக்குப் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பிடித்து விரல் மையைக் காட்டச் சொல்லிப் பார்ப்பார். "நல்லாப் பிடிச்சிருக்கு" என்பார், மருதாணியைப் பார்க்கிற மாதிரி.

நான் கல்யாணமாகி வெளிநாடு போன பிறகுதான் அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அடுத்து வந்த தேர்தலில் விடியற்காலையில் குளித்து, கோயிலில் திருநீறு பூசி, வாக்குப் போடப் போயிருக்கிறார். அங்கே பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஐயாவோட வோட்டுப் போட்டாச்சே" என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு முந்தி வேறு யாரோ அவருடைய பெயரில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அப்பா அதைத் தொலைபேசியில் எனக்குச் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். "எம்பேர்ல போட்டவன் நல்ல ஆளுக்குத்தான் போட்டிருப்பான் புள்ள." அதற்குப் பிறகு அவர் வாக்குப் போடப் போகவே இல்லை. மற்றவர்களின் விரலைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாராம்.

ஆகவே என் தகப்பன் வழியில் ஒருவரும் ஒரு பாராளுமன்றத்துக்கும் வாக்குப் போட்டதில்லை. நான்தான் முதல் ஆள்.

4

கொழும்பில் இறங்கிய மறுநாள் நானும் சுபாவும் பொலிசில் பதியப் போனோம். இந்த யுத்த காலத்தில் வீட்டில் யார் வந்து தங்கினாலும் பதிய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், சுபாவுக்குத் தெரியாது. "உங்கட சொந்த அப்பா வீட்டில நிக்கிறதுக்கு ஏன் பொலிசுக்குச் சொல்ல வேணும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் அவள் கையைக் கிள்ளினேன்.

கடித வாக்கைப் பற்றிக் கேட்டதும் சத்திரசிகிச்சை முடிந்து அப்பாவுக்கு ஒரு கண்ணில் கட்டு இருந்தாலும் மற்றக் கண் விரிந்துவிட்டது.

"பதினஞ்சு நாட்டுக்கும் சேத்து ஒரு பாராளுமன்றமா? எந்தப் பாஷையில பேசுவாங்க?"

"அவரவர் தங்கட பாஷையில தாத்தா," என்றாள் சுபா. பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றி அவள் கட்டுரை எழுதியிருந்தாள். "மற்றவை காதில ஒரு கருவியைக் கொழுவிக்கொண்டு இருப்பினம். அதில தங்கட பாஷையில கேக்கும்."

"சண்டை வராதா?"

"வரும். வாயாலதான்."

அப்பா நாற்காலியை அவளுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். "இங்க ரெண்டு நாட்டுக்காரனும் நான் வேணாம்னானுங்க. எம் பொண்ணுகிட்ட பதினஞ்சு நாட்டுக்காரன் வந்து, யாரை உக்கார வைக்கலாம்னு கேக்குறான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு புள்ள. ஏமாந்திராத. தாள்ல ஒம்பேரு, அட்ரஸு, பாஸ்போட் நம்பரு எல்லாத்தையும் நல்லா எழுதிரு. இல்லாட்டி எவனாவது அதைத் தன்னோடதுன்னு போட்டிருவான்."

"சரிப்பா" என்றேன்.

5

வெள்ளவத்தையில் என் கணவரின் அக்கா இருக்கிறார். எனக்கு மச்சாள். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் மூன்றாம் மாடி. யாழ்ப்பாணத்தில் வீடு விட்டுவிட்டு வந்தவர். வாக்குப் போட நினைத்திருந்த நாளில் நானும் சுபாவும் அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனோம். சாப்பிட்டவுடனே நான் எழும்பியதைப் பார்த்து, "எங்க பறக்கிறாய்?" என்றார். சொன்னேன்.

"உனக்கென்ன விசரே? இந்த வெயிலுக்க வெள்ளைக்காரனுக்கு வோட்டுப் போடப் போறியோ? போடாட்டி உன்னைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்களோ?"

"இல்லை மச்சாள்."

"பின்ன?"

நான் கைப்பையைத் திறந்து கடவுச்சீட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். சுபா சொன்னாள்: "அம்மாவுக்கு விருப்பம் மாமி." மச்சாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன்னுடைய குடையை எடுத்துவந்து தந்தார். "கறுக்காமப் போ. வோட்டு வெள்ளையாத்தான் இருக்க வேணும்."

காலி வீதி பஸ்ஸில் வந்து கொள்ளுப்பிட்டியில் இறங்கினோம். டென்மார்க் அலுவலகம் ஒரு மாடிக் கட்டடத்துக்குள், குளிரூட்டிய இரண்டு அறைகள். அங்கே இருந்தவர் ஒரு சிங்களப் பெண்மணி. என்னைவிடக் கொஞ்சம் வயது குறைந்தவர், மிக மரியாதையானவர். நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம். அவர் என் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, ஒரு தாள், ஒரு சின்ன உறை, ஒரு பெரிய உறை, இன்னுமொரு படிவம் எல்லாவற்றையும் எடுத்துவைத்து விளக்கினார். மூலையில் மறைப்பு வைத்த மேசையைக் காட்டினார்.

அவர் விளக்கியது முழுவதையும் நான் கேட்டேன் என்று சொல்ல முடியாது. தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றபோது இல்லை என்றேன். எனக்குக் கேட்கக் கூச்சம்.

நம்முடைய வாக்குச்சீட்டில் பெயர் இருக்கும், சின்னம் இருக்கும். அதற்கு எதிரே புள்ளடிக் குறி போட்டால் சரி. இந்தக் கடித வாக்குத் தாளில் ஒன்றுமே அச்சடித்திருக்காது. கட்சியின் பெயரையோ ஆளின் பெயரையோ நாமே கையால் எழுத வேண்டும். மறைப்புக்குப் பின்னால் நின்று, எனக்குப் பிடித்தவரின் பெயரை எழுத்துப் பிழை வராமல் எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தேன். அவ்வளவு வெள்ளையாக, அவ்வளவு அநாதையாக ஒரு தாளை நான் எந்தக் கந்தோரிலும் கொடுத்ததில்லை. இதை யார் கொடுத்தது என்று யாருக்குத் தெரியும்? அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. கீழே என் முழுப்பெயரை எழுதினேன். டென்மார்க் விலாசத்தை எழுதினேன். கடவுச்சீட்டு இலக்கத்தை எழுதி, அதன் கீழ் அழகாகக் கையெழுத்தும் வைத்தேன். மடித்து, சின்ன உறையில் இட்டு ஒட்டினேன். வெளியே வந்து படிவத்தை நிரப்பினேன். இரண்டும் பெரிய உறைக்குள் போயின.

"நாளை மத்தியானம் தபால் பை போகிறது. நேரத்துக்குப் போய்ச் சேரும்," என்றார் அந்தப் பெண்மணி.

வெளியே வந்து குடையை விரித்தபோது, மச்சாளின் அந்தப் பூப்போட்ட குடைக்குக் கீழே நான் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருந்தது.

6

வீட்டில் அப்பா பால் சேர்க்காத பிளேன்டீயோடு காத்திருந்தார். நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன்.

"பேரு எழுதினியா?"

"எழுதினேன்பா. பேர், விலாசம், நம்பர், கையெழுத்து எல்லாம்."

"அப்படிப் போடு!"

வாசற்படியில் இருந்து தலை வாரிக்கொண்டிருந்த சுபா நிமிர்ந்தாள். "அம்மா, எதில எழுதினீங்கள்? அந்தப் படிவத்திலதானே?"

"படிவத்திலயும் எழுதினேன்."

"...லயுமோ? வேற எதில?"

"வோட்டுத் தாள்ல."

சீப்பு அவள் தலையிலேயே நின்றுவிட்டது. முதலில் டேனிஷில் ஏதோ சொன்னாள். பிறகு எழும்பி வந்து, எனக்கு முன்னால் முழங்காலில் இருந்துகொண்டு தமிழில் சொன்னாள். இவ்வளவு மெதுவாக, இவ்வளவு நேரம் அவள் என்னோடு தமிழில் பேசி எத்தனையோ காலம்.

"அம்மா, வோட்டுத் தாள் ஆருடையது எண்டு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. பேர் வெளியில இருக்கிற படிவத்துக்குத்தான். அதைப் பாத்து, நீங்கள் போட்டிட்டீங்கள் எண்டு பட்டியல்ல கீறிப்போட்டு, உள்ளுக்க இருக்கிற சின்ன உறையைப் பெட்டிக்குள்ள போடுவினம். பிறகு திறக்கேக்க உங்கட பேர் இருந்தா..."

"இருந்தா?"

"செல்லாது. எறிஞ்சு போடுவினம்."

அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. "நான்தான் சொன்னேன்" என்றார். "நான்தான் எழுதச் சொன்னேன்."

வேறு யாரும் வந்து போட்டுவிடக் கூடாது என்று பயந்து, என் வாக்கை நானே கெடுத்துவிட்டேன். சுபா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூட்டிவிட்டார்கள்.

"நாளைக்குக் காலமை போவம் அம்மா. பை மத்தியானம்தானே போகுது."

7

காலையில் போக முடியவில்லை. விடிந்ததும் சந்தின் இரண்டு முனைகளிலும் ஆமிக்காரர் நின்றார்கள். சுற்றிவளைப்பு. எல்லோரும் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து வரிசையாக நிற்க வேண்டும், வீடு வீடாகப் பார்த்து முடியும் வரை ஒருவரும் வெளியே போக முடியாது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. வரிசை நகரவில்லை. நான் நொடிக்கொரு தரம் மணிக்கூட்டைப் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்ற எதிர்வீட்டு முனியாண்டி மாமா அப்பாவின் பழைய கூட்டாளி. அவரும் நாட்டாமியாக இருந்தவர்தான்.

"என்னா அண்ணே, ஒம் மக கால்ல நெருப்பு வச்ச மாதிரி நிக்கிறா?"

"வோட்டுப் போடப் போகணும்," என்றார் அப்பா.

"வோட்டா? எந்த எலெக்ஷன்?"

"ஐரோப்பா எலெக்ஷன்."

மாமா சிரித்தார். "ஜிந்துப்பிட்டியில நின்னுக்கிட்டு ஐரோப்பாவுக்கா? ஜெயிச்சவுடன எனக்கு ஒரு லைட் போஸ்ட் கேட்டு வாங்கித் தரச் சொல்லு. நம்ம சந்துல ரெண்டு மாசமா எரியல."

எங்கள் முறை வந்தபோது, இளம் ஆமிக்காரர் ஒருவர் என் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டென்மார்க். பிறந்தது கொழும்பு. ஏன் இங்கே வந்தீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"அப்பாவின் கண் ஒப்பரேஷனுக்கு."

"ஏன் அடிக்கடி மணி பார்க்கிறீங்க? எங்கே போக அவசரம்?"

பொய் சொல்ல எனக்கு வராது. "வோட்டுப் போட" என்றேன்.

அவருடைய முகம் மாறிவிட்டது. கொழும்பில் அப்போது தேர்தல் ஒன்றும் இல்லை. "வோட்டா? எங்கே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா உள்ளே புகுந்தார். புறக்கோட்டையில் கற்ற சிங்களம், எப்போதும் உரத்துத்தான் வரும். "சேர், இது நம்ம எலெக்ஷன் இல்ல. பதினஞ்சு நாட்டு எலெக்ஷன்!" அதைக் கேட்டு ஆமிக்காரருக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது. கடவுச்சீட்டோடு போய் அதிகாரியைக் கூட்டிவந்தார். வரிசை முழுவதும் எங்களையே பார்த்தது. சுபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கையும் குளிர்ந்திருந்தது.

அதிகாரி நடுத்தர வயது மனிதர். நித்திரை இல்லாத கண்கள். "என்ன கதை இது? எனக்குச் சொல்லுங்க" என்றார்.

என் வாழ்க்கையில் அந்நியர் ஒருவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. இந்தத் தேர்தல், என் முதல் வாக்கு, அப்பாவுக்குக் கிடைக்காத வாக்கு, நான் தாளில் பெயர் எழுதியது, மத்தியானம் போகிற பை. சிங்களத்தில் பிழை பிழையாகச் சொன்னேன். கடைசியில், "தேர்தல் நாளில் நான் அங்கே இல்லை. அதனால் இங்கிருந்து உறையில் வைத்து அனுப்ப வேண்டும்" என்றேன்.

"தபால் வோட்டு!" என்றார் அவர். உடனே விளங்கிவிட்டது. "நானும் அப்படித்தான். என் ஊர் குருணாகல். அங்கே போய் வோட்டுப் போட எனக்கு எந்தத் தேர்தலில் லீவு தந்தார்கள்? முகாமில் இருந்துதான் போட்டு அனுப்புகிறேன்." கடவுச்சீட்டை என்னிடம் நீட்டிவிட்டு, "ஆனால் அக்கா, நான் ஒரு நாளும் அதில் என் பெயரை எழுதியதில்லை" என்றார்.

முனியாண்டி மாமா சத்தமாகச் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி சந்து முனையில் நின்றவரைப் பார்த்துக் கையை அசைத்தார். "இந்த மூன்று பேரையும் விடு."

மூன்று பேர். அப்பாவையும் சேர்த்துத்தான். வீட்டில் இருங்கள் என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவர் கண் கட்டோடு ஓட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

8

காலிமுகத்திடல் சோதனைச் சாவடியில் இன்னொரு தரம் இறங்கி ஏறினோம். கொள்ளுப்பிட்டியில் நான் படியில் ஓடினேன். பை இன்னும் போகவில்லை. மேசைக்குப் பக்கத்தில், வாய் கட்டாமல் இருந்தது.

அந்தப் பெண்மணியிடம் நானேதான் சொன்னேன். சுபா சொல்ல வந்தாள், நான் தடுத்துவிட்டேன். "தாளில் என் பெயரை எழுதிவிட்டேன். அது செல்லாது. என்ன செய்வது?"

அவர் சிரிக்கவில்லை. "புதிதாகப் போடுங்கள். ஒருவர் கடித வாக்கை இரண்டு தரம் போட்டால், பிந்திய திகதியில் போட்டதைத்தான் எடுப்பார்கள். முந்தியதை ஒதுக்கிவிடுவார்கள். இப்படி நடக்கிறதுதான்."

அப்பா அடையாள அட்டையைக் கையில் எடுத்து நீட்டிக்கொண்டு நின்றார். "ஐயா, உங்களுடையது தேவையில்லை. அதை உள்ளே வையுங்கள்" என்றார் அவர். அப்பா அதைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, நான் மறைப்புப் பக்கம் போக, பின்னாலேயே வந்தார்.

"ஐயா, அங்கே வர முடியாது."

"நான் அப்பா, மிஸ். இவ மறுபடியும் பேரை எழுதிராம பாக்கணும்."

"அப்பாவானாலும் முடியாது. அங்கே உங்கள் மகள் மட்டும்தான்."

அப்பா நின்றார். மறைப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு அடி பின்னுக்குப் போய், சுபாவுக்குப் பக்கத்து நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

மறைப்புக்குப் பின்னால் நான் பெயரை எழுதினேன். நான் தெரிவுசெய்த அந்த ஒருவரின் பெயரை மட்டும். கீழே இருந்த வெள்ளையில் என் கை தானாகப் போகப் பார்த்தது. பேனையை மூடிவிட்டேன். இந்த நாட்டிலும் அந்த நாட்டிலும் நான் கொடுத்த எல்லாத் தாள்களிலும் நான் யார், யாருடைய மகள், எங்கே இருக்கிறேன் என்று எழுதி எழுதியே என் பாதி வாழ்க்கை போய்விட்டது. என்னிடம் அதையொன்றும் கேட்காமல், என் விருப்பத்தை மட்டும் கேட்ட ஒரே தாள் அது. மடித்து உறையில் வைத்தேன்.

படிவத்தில் கையெழுத்திட்ட பிறகு, அந்தப் பெண்மணி பெரிய உறையைப் பைக்குள் போட்டு வாயைக் கட்டியதை நாங்கள் மூவரும் நின்று பார்த்தோம்.

திரும்பும்போது ஓட்டோவில் அப்பா சுபாவைத் தாண்டிச் சாய்ந்து, என் காதுக்குக் கிட்ட வந்து கேட்டார். "சரி புள்ள, யாருக்குப் போட்ட?"

"சொல்லக் கூடாதுப்பா."

"எங்கிட்டயுமா?"

"உங்ககிட்டயும்தான்."

அவர் வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டார். கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். கடல் காற்று ஓட்டோவுக்குள் வந்து போனது. சுபா எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த தேர்தலில் அவளுக்கும் வாக்கு இருக்கும்.

சுற்றிவளைப்பு முடிந்து சந்தில் ஆட்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். முனியாண்டி மாமா எங்களைக் கண்டதும் எழும்பி வந்தார். "போட்டாச்சா? செல்லுமா? யாருக்குப் போட்டா?"

அப்பா ஓட்டோவில் இருந்து இறங்கி, வேட்டியை உதறிக் கட்டினார்.

"ஏய், அது ரகசிய வோட்டு! நீ என்னா கேக்குற? பெத்த அப்பன் நானே கேட்டுட்டேன், எங்கிட்டயே சொல்ல மாட்டேன்னுட்டா!"

நான் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அன்று பின்னேரம் முழுவதும் அப்பா சந்தில் கண்டவர்களையெல்லாம் நிறுத்தி, யாரும் கேட்காமலே, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.